கெட்டி அன்னம் வேண்டாம்

விதி 7(ஆ): போட்டியாளர் தமது சொந்தக் கைப்பிடியைக் கொண்டு வரலாம். அதில் மாற்றம் ஏதும் செய்திருந்தால் ஏற்பாட்டுக் குழுவின் அனுமதி பெற வேண்டும். அனுமதி கோரி விண்ணப்பித்தவர், பதில் கிடைக்கும் வரை, அதைத் தற்காலிகமாகப் பயன்படுத்தலாம்.

முதல் இரண்டு வாக்கியங்களை எழுதியவர் கவனமான மனிதர். மூன்றாவதை எழுதியவருக்கு மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. அரசாங்கக் கொள்முதல் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். எந்த விதியைப் படித்தாலும் முதலில் அந்தப் பசிக்காரரைத்தான் தேடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை மனத்தில் வாழ்த்திக்கொண்டே புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்றேன். மூத்தோருக்கான மின்விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டம். சண்டை விளையாட்டு. திரையில் இரண்டு பேர் குத்திக்கொள்வார்கள். எதிரில் இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்து குத்தவைப்பார்கள். ஒரு நாற்காலியில் என் மனைவி வசந்தா. இன்னொன்றில் பக்கத்து புளோக்கின் பிலோமினா அக்கா.

பிலோமினா அக்கா ஓய்வு பெற்ற தாதி. ஞாயிறு காலைப் பூசைக்குக் கட்டிய சேலையோடு நேராக வந்திருந்தார்.

வசந்தா துணிப்பையைப் பிரித்தாள். நான் செய்த மரப்பெட்டியை மேசையில் வைத்தாள். பெட்டியின் இடப்பக்கத்தில், வழக்கமாக ஜாய்ஸ்டிக்கின் சிவப்பு உருண்டை இருக்க வேண்டிய இடத்தில், ஒரு பித்தளை அன்னம் நின்றது. குத்துவிளக்கின் உச்சியில் இருக்குமே, அதே அன்னம்.

கூட்டம் ஒரு கணம் தேத்தாரிக் தேநீரை உறிஞ்சுவதை நிறுத்தியது.

"வசந்தா, ஆட வந்தியா, விளக்கேத்த வந்தியா?" என்றார் பிலோமினா அக்கா.

"ரெண்டும்தான் அக்கா. முதல்ல உங்களை அடிச்சுட்டு, அப்புறம் ஏத்துறேன்."

"ஷர்மிளா! இங்க வா. இது என்னன்னு பாரு லா. பித்தளைச் சாமான் கொண்டு வந்திருக்காங்க!"

ஏற்பாட்டுக் குழுவின் செயலாளரான அந்த இளம்பெண் கைப்பேசியும் கையுமாக ஓடி வந்தாள். நான் அதற்காகவே இஸ்திரி போட்ட சட்டையில் காத்திருந்தேன்.

அந்த அன்னம் அங்கே வந்து சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சாப்பாட்டு நேரத்து இரகசியம்

எங்கள் திருமணம் பெரியவர்கள் பேசி முடித்தது. பெண் கப்பல் நிறுவனத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறாள், அமைதியானவள், நன்றாகச் சமைப்பாள் என்று சொன்னார்கள். முதலாவது மட்டும் உண்மை.

மணமாகிச் சில மாதங்கள் கழித்து, மதிய இடைவேளையில் அவளைப் பார்க்கப் போனேன். அலுவலகத்தில் இல்லை. அவளுடைய தோழி சங்கடமாகச் சிரித்துவிட்டு எதிரே இருந்த கடைத்தொகுதியின் மேல்மாடியைக் காட்டினாள். அங்கே புகையும் இரைச்சலுமாக ஒரு விளையாட்டு நிலையம். பள்ளிச் சீருடையில் வருவோருக்கு அனுமதி இல்லை என்று வாசலில் பலகை. உள்ளே இளைஞர்கள் வட்டமாகச் சூழ்ந்து நிற்க, நடுவில் காட்டன் சேலையும் மல்லிகைப்பூவுமாக என் மனைவி, யாரையோ திரையில் பந்தாடிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும், "கொஞ்சம் இருங்க, இன்னும் ஒரு உசிரு இருக்கு" என்றாள்.

பலகையை மறுபடி படித்துப் பார்த்தேன். சேலை கட்டிய குடும்பப் பெண்களைப் பற்றி அதில் எதுவும் இல்லை. விதி அனுமதிப்பதைக் கணவன் தடுக்கக் கூடாது என்பது என் கொள்கை. காத்திருந்தேன்.

பிறகு பிள்ளைகள், வேலை, வீடு மாற்றம். அந்த நிலையமும் மூடப்பட்டுப் பல் மருத்துவமனையாகிவிட்டது. பல ஆண்டுகள் கழித்து எங்கள் கீழ்த்தளத்து மூத்தோர் மூலைக்கு யாரோ ஒரு பழைய ஆட்ட இயந்திரத்தை நன்கொடையாகக் கொடுத்தார்கள். சதுரங்கப் பலகைக்கும் இரத்த அழுத்தக் கருவிக்கும் நடுவில் அதை வைத்தார்கள். வசந்தா காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அன்று வீட்டில் சாம்பார் இல்லை.

வெள்ளிக்கிழமை தோறும் அவளும் பிலோமினா அக்காவும் மோதத் தொடங்கியது அப்படித்தான். தொப்பை பெருத்த மல்யுத்த வீரன் வசந்தாவின் ஆள். குதிரைவால் முடியோடு எகிறி எகிறி உதைக்கும் பெண் பிலோமினா அக்காவின் ஆள்.

தண்ணீர்ப் போத்தல்

போட்டி அறிவிப்பு வந்த அதே பருவத்தில் வசந்தாவின் இடது கட்டைவிரல் மூட்டு தேய்ந்துவிட்டது. ஜாய்ஸ்டிக்கைப் பிடிப்பது இடக்கை, வலக்கை பொத்தான்களுக்கு. தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்க முடியவில்லை. ஜாய்ஸ்டிக்கின் உருண்டையைப் பிடித்தால் வழுக்கியது. மல்யுத்த வீரன் முன்னே போக வேண்டிய நேரத்தில் நின்ற இடத்திலேயே குந்தி அடி வாங்கினான்.

"இந்தத் தடவை என் பேரை எடுத்துடுங்க" என்றாள் ஒரு நாள், அரிசி களைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

ஒரு புளோக்கிலிருந்து ஒருவர்தான் ஆட முடியும். அவள் விலகினால் காத்திருப்போர் வரிசையில் அடுத்த பெயர் என்னுடையது. நான் ஆடினால் என் ஆள் குனிந்து நிமிர்வதற்குள் மூன்று முறை சாவான். ஆனால் என்னை உறுத்தியது அது இல்லை. வெள்ளிக்கிழமை மாலை அவள் கீழே போகாமல் வீட்டில் உட்கார்ந்து, திரைச்சீலையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மடித்திருந்த திரைச்சீலையை.

அடுத்த வெள்ளி அவள் குத்துவிளக்கைத் துலக்கினாள். போத்தல் மூடியிடம் தோற்ற அதே இடக்கை, அன்னத்தின் கழுத்தில் இரண்டு விரலைக் கொக்கி போல் மாட்டி, ஒரே சுழற்றில் கழற்றிவிட்டது. கட்டைவிரலுக்கு அதில் வேலையே இல்லை.

அவள் அன்னத்தைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"என்னங்க, அந்தச் சிவப்பு உருண்டையும் இப்படித்தானே கழட்டுறது?"

தானாக நடந்த வீரன்

ஜாய்ஸ்டிக்கின் உள்ளே பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. நடுவில் ஒரு தண்டு. அடியில் நான்கு பக்கமும் நான்கு குட்டிச் சுவிட்சுகள். தண்டைச் சாய்த்தால் எதிர்ப்பக்கச் சுவிட்ச் 'டிக்' என்று அமுங்கும். கையை விட்டால் ஸ்பிரிங் ஒன்று தண்டை மறுபடி நேராக நிறுத்தும்.

ஜாலான் புசார் பக்கம் உள்ள உதிரிபாகக் கட்டடத்தில் ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கி வந்து, எங்கள் விளக்கின் அன்னத்தை அதன் தலையில் கம்பி சுற்றிக் கட்டி, வீட்டுக் கணினியில் அதே ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தோம். திருமணச் சீராக வந்த விளக்கு. கெட்டிப் பித்தளை. அன்னத்தின் பாரத்தில் தண்டு இடப்பக்கம் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டது. வசந்தா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மல்யுத்த வீரன் தன்பாட்டுக்கு இடப்பக்கம் நடந்துபோய்ச் சுவரில் முட்டி முட்டி நின்றான்.

"உங்களை மாதிரியே இருக்கான்" என்றாள்.

கடுமையான ஸ்பிரிங் போட்டால் அன்னம் நிமிரும். ஆனால் அவளால் அசைக்க முடியாது. லேசான ஸ்பிரிங் போட்டால் அசைக்கலாம். ஆனால் அன்னம் படுத்துவிடும். ஆக, லேசான ஸ்பிரிங் வேண்டும், அதைவிட லேசான அன்னம் வேண்டும். அதாவது சந்தையிலேயே மிக மட்டமான ஸ்பிரிங்கும் மிக மட்டமான அன்னமும்.

என் பணிக்காலம் முழுக்க மட்டமான சாமானைத் திருப்பி அனுப்பியே சம்பளம் வாங்கியவன் நான். ஒரு தடவை ஒரு லாரி நிறைய நாற்காலிகளை, ஒன்றின் கால் ஆடியது என்பதற்காக, வந்த வழியே அனுப்பினேன். அந்த விநியோகிப்பாளர் இன்றும் தேக்கா சந்தைப் பக்கம் என்னைக் கண்டால் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

மட்டமானது இருக்கிறதா?

ரோவல் ரோட்டில் ஒரு இரும்புச் சாமான் கடை. ஆள் நுழைய இடமில்லாமல் சாமான் தொங்கும். உரிமையாளரை எல்லாரும் பாய் என்பார்கள்.

"பாய், ஒரு ஸ்பிரிங் வேணும். ரொம்ப லேசா இருக்கணும்."

"எதுக்கு சார்? கதவுக்கா?"

"இல்ல."

"ஃபிளஷ் டேங்க்கா?"

"இல்ல பாய், ஒரு கைப்பிடிக்கு."

அவர் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தார். நான் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, இருப்பதிலேயே சோர்ந்துபோன ஒன்றை எடுத்தேன்.

"அது தேஞ்சது சார். நல்லது உள்ள இருக்கு, எடுத்துத் தர்றேன்."

"எனக்கு இதுதான் வேணும்."

"சும்மா விளையாடாதீங்க லா. இதை வித்தா என் பேரு கெட்டுடும்."

"இதே மாதிரி இன்னொண்ணு இருந்தாலும் குடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுல எல்லாம் சௌக்கியம்தானே சார்?"

விளக்குக் கடைகளில் இன்னும் சிரமம். மூன்று கடைகளில் கேட்காமல் எதையும் வாங்குவதில்லை என்பது என் பழக்கம். முதல் கடைக்காரர் கெட்டி அன்னத்தைக் கையில் வைத்து எடை காட்டினார். இரண்டாவது கடைக்காரர் இன்னும் கெட்டியானதைக் காட்டினார். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் இருந்த மூன்றாவது கடையில், கல்லாவில் ஒரு அம்மா இருந்தார்.

"இது கும்பகோணத்து வார்ப்பு. பேரப் பிள்ளைங்க காலத்துக்கும் வரும்" என்றார்.

"இதைவிட மட்டமா ஏதாவது இருக்குங்களாம்மா?"

"மட்டமாவா?"

"ஆமா. உள்ளே ஒண்ணுமே இருக்கக் கூடாது. வெறும் கூடா இருந்தா ரொம்ப நல்லது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சாமிக்கு வாங்குறீங்களா, இல்ல பிடிக்காத சொந்தக்காரங்களுக்குச் சீர் குடுக்குறீங்களா?"

இரண்டும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியை இழுத்து வந்தார். வாங்கியவர்கள் திட்டித் திருப்பிக் கொடுத்த விளக்குகள். அவற்றில் இரண்டு அன்னங்கள், தட்டினால் தகரம் போல் ஒலித்தன. ஊதினால் பறந்துவிடும் போலிருந்தன. வாழ்நாளில் முதல்முறையாக, திருப்பி அனுப்பப்பட்ட சாமானை நெஞ்சோடு அணைத்து வாங்கினேன். இரண்டையும் வாங்கினேன், உபரி இல்லாமல் கொள்முதல் முடிவதில்லை.

அன்னத்தின் திருகு வார்த்தவர் மனம்போல இருந்தது. ஜாய்ஸ்டிக்கின் திருகு ஒரே அளவு. இரண்டையும் இணைக்கப் பாயிடமே திரும்பிப் போனேன். இரு முனையிலும் மரை போட்ட சிறு கம்பியைத் தேடி எடுத்தவர், அன்னத்தைப் பார்த்ததும் கையை நீட்டி வழியை மறித்துக்கொண்டார்.

"இப்பவாவது சொல்லுங்க சார். எதுக்கு?"

"வீடியோ கேம் ஆட. என் வைஃபுக்கு."

பாய் கையை இறக்கினார். "அப்பவே சொல்லியிருந்தா நல்ல ஸ்பிரிங்கா குடுத்திருப்பேனே" என்றார்.

இணைப்பு ஐந்து

அன்று மாலை மல்யுத்த வீரன் நிமிர்ந்து நின்றான். வசந்தா இரண்டு விரலை அன்னத்தின் கழுத்தில் மாட்டி மெல்ல இழுத்தாள். அவன் நடந்தான். விட்டாள். நின்றான். திரைச்சீலைகள் அன்று மடிக்கப்படவில்லை.

மிச்சம் இருந்தது அனுமதி. நேராகக் கேட்டால் குழு மறுநாளே 'கூடாது' என்று சொல்லிவிடும். மறுப்பதைப் போலச் சுலபமான வேலை அலுவலகத்தில் வேறு இல்லை, எனக்குத் தெரியும். அதனால் விண்ணப்பத்தை வேறு விதமாக எழுதினேன்.

என் அலுவலகத்தில் ஒரு முறை ஒரு மின்விசிறிக்கான கோரிக்கை மூன்று துணைக்குழுக்களுக்குப் போனது. அனுமதி வந்தபோது அந்த அறைக்குக் குளிர்சாதனமே வந்துவிட்டிருந்தது. ஒரு கேள்வி ஒருவரிடம் போனால் பதில் வரும். மூன்று பேரிடம் போனால் கூட்டம் வரும்.

ஆகவே கருவிகளுக்கான துணைக்குழு சிந்திக்க ஒரு கேள்வி: கைப்பிடி என்பதில் பறவை வடிவம் அடங்குமா? பாதுகாப்புத் துணைக்குழுவுக்கு ஒன்று: அலகின் கூர்மை பற்றி. நலத் துணைக்குழுவுக்கு ஒன்று: மருத்துவர் குறிப்புடன், விரல் பற்றி. கூடவே ஐந்து இணைப்புகள். ஐந்தாவது, நானே வரைந்த பக்கவாட்டுப் படம்.

ஷர்மிளா தொலைபேசியில் அழைத்தாள். "அங்கிள், அனெக்ஸ் ஃபைவ்ல இருக்கிறது வாத்தா?"

"இல்லைம்மா, அன்னம்."

"ஓகே அங்கிள். பட் இதை கமிட்டி மீட்டிங்ல வைக்கணும். கொஞ்சம் டைம் ஆகும், பரவாயில்லையா?"

"அவசரமே இல்லைம்மா" என்றேன். என் பணிக்காலத்தில் அவ்வளவு மனப்பூர்வமாக எதையும் சொன்னதில்லை.

மூன்றாம் சுற்று

இறுதி ஆட்டத்துக்குத் திரும்புகிறேன். ஓடி வந்த ஷர்மிளாவிடம் விதி 7(ஆ)-வின் மூன்றாவது வாக்கியத்தைக் காட்டினேன். அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"ஆண்ட்டி, அப்ளிகேஷன் பெண்டிங்ல இருக்கு. ரூல்படி ஆடலாம்" என்றாள் பிலோமினா அக்காவிடம்.

"அப்படின்னா நானும் ஒண்ணு மாட்டிக்கிறேனே! ஆனா எங்க கோயில் குத்துவிளக்குல உச்சியில சிலுவைதான் இருக்கும். அதைப் பிடிச்சு இவளை உதைச்சா, ஃபாதர் முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

கூட்டம் சிரித்தது. ஆட்டம் தொடங்கியது.

முதல் சுற்று பிலோமினா அக்காவுக்கு. குதிரைவால்காரி உதைத்த உதையில் தொப்பைக்காரன் எழவே இல்லை. இரண்டாவது வசந்தாவுக்கு. அன்னம் முன்னும் பின்னும் ஆடியது, தண்ணீரில் மிதப்பது போல. பின்னால் நின்ற ஒரு சீனப் பெரியவர் ஒவ்வொரு அடிக்கும் "வாஹ்!" என்று வியந்தார்.

மூன்றாவது சுற்றில் இருவருக்கும் உயிர் ஒரு நூலளவு. குதிரைவால்காரி எகிற வேண்டிய தருணம். பிலோமினா அக்காவின் கை உருண்டையிலிருந்து வழுக்கியது. மறுபடி பிடித்தார். மறுபடி வழுக்கியது.

வசந்தா அதைப் பார்த்தாள். அந்த வழுக்கலை அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஒரு கணம் அன்னம் அசையவில்லை. மனம் இளகிவிட்டாள் என்றே நினைத்தேன்.

இளகவில்லை. குத்தினாள்.

"தொப்பைக்கு ஜே!" என்று யாரோ கத்தினார்கள். பிலோமினா அக்கா இடக்கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு எழுந்தார். "அந்தப் பறவையைத் தடை பண்ணச் சொல்லி நானே எழுதுறேன், பாரு!" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதவும் செய்தார்.

பதில் பாதகமாக வந்தால் வசந்தாவின் வெள்ளிக்கிழமைகள் மறுபடி திரைச்சீலையோடு முடிந்துவிடும். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோப்பையை அலமாரியில் வைத்தவள், ஏனோ அதைக் கொஞ்சம் உள்தள்ளியே வைத்தாள்.

கதவில் ஒரு பை

தீபாவளி விளக்குகள் சிராங்கூன் சாலையில் எரியத் தொடங்கியிருந்த ஒரு மாலை, எங்கள் கதவு தட்டப்பட்டது. பிலோமினா அக்கா. கையில் கனமான பை.

"உள்ள வாங்கக்கா" என்றாள் வசந்தா, வாசலை அடைத்து நின்றபடியே.

"வரத்தான் வந்தேன். வழியை விடு."

அவர் பையிலிருந்து ஒரு ஜாய்ஸ்டிக்கை எடுத்து மேசையில் வைத்தார். அதன் தலையில் ஒரு பித்தளை அன்னம். பளபளவென்று, கும்பகோணத்து வார்ப்பு. வைத்ததும் இடப்பக்கம் சாய்ந்தது.

"பதில் வர்ற வரைக்கும் மாட்டலாம்னு உன் வீட்டுக்காரர் சொன்னாரே. நானும் எழுதிப் போட்டுட்டேன். ஆனா என் குதிரைவால் பொண்ணு பாட்டுக்கு நடந்து போய்ச் சுவத்துல முட்டிக்கிறா. உன்னோடது மட்டும் எப்படி நிமிர்ந்து நிக்குது?"

வசந்தா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தாள். "நல்லதா பாத்து வாங்கிட்டீங்கக்கா. அதான் தப்பு."

"நல்லதா வாங்குறது தப்பா?"

"கையைக் காட்டுங்க."

பிலோமினா அக்கா காட்ட மறுத்தார். வசந்தா பிடித்து இழுத்தாள். இரண்டு பெண்களும் இரண்டு வீங்கிய கட்டைவிரல்களை மேசை விளக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தாதியாக இருந்தவர் ஊரார் கையையெல்லாம் பார்த்திருக்கிறார். தம் கையைத்தான் யாருக்கும் காட்டவில்லை.

"எப்போலேருந்து?"

"உனக்கு முன்னாடியே. சொன்னா பேரை எடுத்துடுவாங்க லா."

வசந்தா எழுந்து, அலமாரியில் வைத்திருந்த உபரி அன்னத்தை எடுத்து வந்தாள். பாயிடம் கூடுதலாக வாங்கிய இன்னொரு தேய்ந்த ஸ்பிரிங்கையும்.

"புகாரை வாபஸ் வாங்கிடுறேன்" என்றார் பிலோமினா அக்கா, அன்னத்தைக் காதருகே தட்டிப் பார்த்துக்கொண்டே.

"வாங்காதீங்க" என்றேன். "கோப்பு இன்னும் கனமா இருக்கட்டும்."

ஒரு மாதிரி

பொங்கல் நெருங்கும்போது குழுவிடமிருந்து ஒரு மின்னஞ்சல். இரு விண்ணப்பதாரர்களும் ஒரே வகை அன்னத்தைப் பயன்படுத்துவதாகத் தெரிவதால், பரிசோதனைக்கு ஒன்றை மட்டும் ஒப்படைத்தால் போதும்.

நான் கவலைப்பட்டேன். வெறுங்கூட்டு அன்னத்தைப் பரிசோதித்தால் அது எவ்வளவு அருமையாக வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு ஆட்டத்தில் அனுகூலம் என்பார்கள், தடை என்பார்கள்.

பிலோமினா அக்கா தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "என்னோடதைக் குடுங்க. வீட்டுல சும்மாதானே கிடக்கு."

"அது கெட்டி அன்னம்" என்றேன்.

"அவங்க கேட்டது அன்னம்தானே அண்ணே? விண்ணப்பத்துல நானும் இருக்கேன். என் சாமான், நான் குடுக்கிறேன்."

விதிகளோடு வாழ்ந்த எனக்கு அதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. வசந்தாவைப் பார்த்தேன். அவள் மும்முரமாகப் பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள், தோள் மட்டும் குலுங்கியது.

மூன்று துணைக்குழுக்களும் கூடி, கெட்டி அன்னத்தை மாட்டி, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முகங்களைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. பதில் மட்டும் முறையாக வந்தது. இக்கைப்பிடியைப் பொருத்தியதும் ஆட்டக்காரர் தாமாகவே நடந்து சென்று இடப்பக்கச் சுவரில் மோதுவது பரிசோதனையில் தெரியவந்தது. எனவே இதனால் எந்த அனுகூலமும் இல்லை, இடையூறே அதிகம். ஆயினும் விண்ணப்பதாரர்கள் இருவரின் உடல்நிலையையும் ஆர்வத்தையும் கருதி, அனுதாபத்துடன் நிரந்தர அனுமதி வழங்கப்படுகிறது.

கீழே ஷர்மிளா தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தாள்: இரண்டு ஆண்ட்டிகளும் மனம் தளராமல் ஆட வேண்டும்.

கீழ்த்தளத்துக்கு இறங்கிப்போய் அதை வாசித்துக் காட்டினேன். அன்னங்கள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. குதிரைவால்காரி தொப்பைக்காரனை மூலையில் மடக்கியிருந்தாள். இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் இருங்க" என்றாள் வசந்தா. "இன்னும் ஒரு உசிரு இருக்கு."

பதில் வந்த தேதியைக் கோப்பில் குறித்து வைத்தேன்: தைப்பூசத்துக்கு முதல் நாள், பிற்பகல்.